தம்பி கை மருந்து

அந்தச் சேர்ல உக்காராதீங்க, கால் ஆடுது. போன மாசம் ஒருத்தர் ரத்தம் கொடுக்க வந்து, அதுல உக்காந்து, பல்லையும் கொடுத்துட்டுப் போனாரு. இப்படி எம் பக்கத்துல வாங்க. பையை நகத்திக்கறேன்.

புதுசுங்களா? பாத்தாலே தெரியுது. புது ஆளுகதான் டோக்கனை இப்படித் திருப்பித் திருப்பிப் பாப்பாங்க. பழைய ஆளுக தூங்குவாங்க. எந்த ஊருங்க? உடுமலைப் பக்கமா? சரி சரி. ரத்தப் புற்றுதானுங்களே? தெனம் ஒரு மாத்திரை? அதேதானுங்க எனக்கும். சொல்லக் கூச்சப்படாதீங்க. இந்த ஹால்ல இருக்கற அத்தனை பேரும் நமக்குச் சொந்தக்காரங்க, ஒறம்பரைதான்.

கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திரும்புங்க. மேல பாருங்க. ம். கண்ணுல மஞ்சள். நெனச்சேன். மாத்திரை ஈரல்ல வேலையைக் காட்டிருச்சு, இல்லீங்க? எப்படிக் கண்டுபுடிச்சேன்னா பாக்கறீங்க? நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. காங்கயத்துக்குத் தெக்க வந்து, மஞ்சக்காமாலைக்கு மருந்து கொடுக்கற நாச்சிமுத்து ஊடு எதுன்னு கேளுங்க. நாய்கூடக் கூட்டிட்டு வந்து உடும்.

எங்கய்யன் காலத்துல இருந்து கொடுக்கறமுங்க. அதுக்கு முன்னாடி அவங்கய்யன். காசு வாங்கறதில்லை. ஒரு தேங்காய், ரெண்டு வெத்தலை, அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை விடியறதுக்கு முன்னால பச்சிலை பறிச்சு, அம்மியில அரைச்சு, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, ஆளைக் கெழக்கே பாத்து நிக்க வெச்சு வாயில போடணும். பல்லுல படாம முழுங்கணும். கசப்புன்னா அப்படி ஒரு கசப்புங்களாமா. ஒரு போலீஸ்காரரு வந்தாருங்க, மீசையும் வயிறுமா நல்ல ஆகிருதி. முழுங்கினதும் "அம்மா"ன்னு கத்திக்கிட்டு ஓடிப் போயி எங்க எருமையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. எருமை பாவம், அன்னைக்குப் பால் கறக்கலை. ஆம்பளையா இருந்துட்டு என்னுங்க இதுன்னு நான்தான் சத்தம் போட்டேன்.

கசப்புங்களாமான்னு ஏன் சொல்றேன்னா, நான் ருசி பாத்ததில்லீங்க. அது எங்க குடும்பக் கட்டுப்பாடு. சிரிக்காதீங்க, அந்தக் குடும்பக் கட்டுப்பாடு இல்லை. மருந்து கொடுக்கற கை, அந்த மருந்தைத் தன் வாயில வைக்கக் கூடாது. வெச்சா ராசி போயிரும். நமக்கே காமாலை வந்தாலும் நாமளா எடுத்துப் போட்டுக்க முடியாது. எங்கய்யன்கிட்டத் தொழில் கத்துக்கிட்ட இன்னொரு கைதான் கொடுக்கணும். அந்த இன்னொரு கை யாரோடதுன்னா, என் தம்பி அத்தப்பனோடது. அங்கதானுங்க சிக்கல்.

எங்கய்யன் போனதும், மருந்து கொடுக்கற உரிமை மூத்தவனுக்குத்தான்னு நான் சொன்னேன். எனக்கும் கை இருக்குதுன்னு அவன் சொன்னான். கோவிச்சுக்கிட்டு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஊடு கட்டிப் போயி, புதன்கிழமையில கொடுக்க ஆரம்பிச்சுட்டான். நான் வாசல்ல 'காமாலை மருந்து இங்கு மட்டும்'னு ஒரு போர்டு வெச்சேன். அவன் வாய்க்கா மேட்டுல 'அங்கு அல்ல'ன்னு ஒரு போர்டு வெச்சான், எங்கூட்டுப் பக்கம் அம்பு போட்டு. நான் 'அசல்'னு சேத்தேன். அவன் 'பழைய அசல்'னு சேத்தான். நான் 'பழைய அசலின் மூத்த மகன்'னு எழுதினேன். அதுக்கு மேல அவனால என்ன எழுத முடியும்? மூத்தவனாப் பொறக்கறதுக்கும் ஒரு யோகம் வேணுமில்லீங்க. அன்னையில இருந்து பேச்சு இல்லை. கல்யாணத்துக்குப் போனா அவன் முதல் பந்தி, நான் ரெண்டாம் பந்தி. பாயசம் எப்பவும் முதல் பந்தியோட தீந்து போயிரும். அதையும் அவன் வேணும்னேதான் பண்றான்னு எனக்கு ஒரு சந்தேகம்.

இப்படி இருக்கறப்பதான் போன ஆடியில ஒடம்பு எளைச்சுது. இடது விலாவுக்குக் கீழ அம்மிக்குழவி வெச்ச மாதிரி ஒரு கனம். ரத்தம் பாத்தா வெள்ளணு கன்னாபின்னான்னு ஏறிக் கெடக்குது. மெசின்தான் கெட்டுப் போச்சுன்னு நெனச்சு அந்த லேப்காரப் பையன் மெசினைத் தட்டித் தட்டிப் பாக்கறான். அப்புறம் இங்க வந்தோம். டாக்டரம்மா நல்லவங்க. "பயப்படாதீங்க, இதுக்கு இப்ப மாத்திரை இருக்குது, விடாமச் சாப்பிட்டா நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாக்கலாம்"னாங்க. நான் எங்கீங்க பயந்தேன்னு சொல்லிட்டு, பஸ் ஸ்டாண்டு கக்கூசுக்குள்ள போயித் தாழ் போட்டுக்கிட்டு அழுதனுங்க. வெளிய நின்னவன் கதவைத் தட்டித் தட்டி, கடைசியில அவனும் அழுகற நெலைமைக்கு வந்துட்டான்.

எங்கூட்டுக்காரி தெய்வானையைத் தவுர யாருகிட்டயும் மூச்சு உடலை. வைத்தியனுக்கே சீக்குன்னா ஆரு வருவா? நாலஞ்சு மாசம் நல்லாத்தான் போச்சு. ரத்தம் எறங்குச்சு, பசி எடுத்துச்சு. அப்புறம் ஒரு நாள் காலையில கண்ணாடியைப் பாக்கறேன், கண்ணு ரெண்டும் மஞ்சக்கெழங்கு. எனக்குங்க! எனக்கு! நீச்சல் வாத்தியாரு தண்ணித்தொட்டியில முழுகினாப்புல ஆயிருச்சு.

அன்னைக்குப் பாத்து ஞாயித்துக்கிழமை. வாசல்ல கூட்டம். என்ன பண்றது? என் மகன் பெங்களூர்ல இருந்து கொண்டாந்து போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டேன். விடியலைங்க. ஏற்கெனவே இருட்டு. இதுல கறுப்புக் கண்ணாடி. கையில மருந்தை எடுத்துட்டுப் போயி, மொதல் ஆளுக்கு மூக்குல வெச்சுட்டேன். ரெண்டாவது ஆளுக்குச் சரியா வாயில போட்டேன். முழுங்கினதுக்கப்புறம்தான் சொல்றாரு, "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, நான் ஆட்டோ ஓட்டிட்டு வந்தவன்"னு. அதுக்குள்ள மூக்குல வாங்கின ஆளு ஒரு தும்மு தும்மினாரு பாருங்க, என் கண்ணாடி பறந்து போச்சு. டார்ச் அடிச்சாங்க. ஒரு அம்மா எங்கிட்ட வந்து உத்துப் பாத்துட்டுச் சொல்லுது: "ஏனுங்க, எங்கூட்டுக்காரரை விட உங்களுக்கு நெறையா இருக்குதுங்களே." கூட்டம் முழுக்க அப்படியே வாய்க்காலைத் தாண்டி நடந்துருச்சு. புதன்கிழமை வரைக்கும் அங்கயே காத்துக் கெடக்கறோம்னுட்டாங்களாம்.

திங்கக்கிழமை மொத பஸ்ஸுல இங்க ஓடி வந்தேன். டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு டாக்டரம்மா சொன்னாங்க, "இது தொத்துக் காமாலை இல்லைங்க. மாத்திரை உங்க ஈரலைப் பதம் பாத்திருக்குது. சில பேருக்கு இப்படி ஆகும். கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைப்போம். ஈரல் தேறினதும் அளவைக் குறைச்சு மறுபடியும் ஆரம்பிப்போம். நாமளா நிறுத்திடக் கூடாது, ரத்தச் சீக்கு தலைதூக்கிரும். முக்கியமா, நாட்டு மருந்து எதையும் தொடாதீங்க. இருக்கற ஈரலும் போயிரும்." அம்மா, நானே காமாலைக்கு மருந்து கொடுக்கறவன்னேன். அந்தம்மா பேனாவை மூடி வெச்சுட்டு என்னையவே பாத்தாங்க. "அப்பன்னா உங்களுக்கு ரெண்டு தடவை சொல்றேன். தொடாதீங்க"ன்னு மறுபடியும் சொன்னாங்க.

அவங்களைக் குத்தம் சொல்லலைங்க. படிச்சவங்க, பாவம், அவங்களுக்கு எங்க குடும்பத்தைப் பத்தி என்ன தெரியும்? பஸ்ஸுல வரும்போதே நான் முடிவு பண்ணிட்டேன். மாத்திரை தின்னா ஈரல் போகுது, திங்காட்டி ரத்தம் போகுது. ரெண்டு பக்கமும் சாவுதான்னா, மாத்திரையை வாய்க்கால்ல தூக்கி வீசிட்டு நம்ம மருந்தையே ரெட்டை உருண்டையாப் போட்டுக்கறது. காமாலைக்குக் கேக்கறது ரத்தத்துக்குக் கேக்காமலா போயிரும்? தெய்வானை அழுதா, கும்பிட்டா, சோறாக்க மாட்டேன்னா. நான் அசையலை. ஆனா மருந்து வேணும்னா அத்தப்பன் கைதானுங்களே? ரோசத்தைப் பாத்தா உசுரு போகுது. சரி, உசுருதான் பெருசுன்னு புதன்கிழமை கருக்கல்ல வாய்க்காலைத் தாண்டினேன். தெய்வானையும் ஆஸ்பத்திரிக் காயிதத்தைத் தூக்கிட்டு எம் பின்னாலயே வந்தா.

அங்க ஒரு கூட்டமுங்க! பாதிப்பேரு என் ஆளுக! மூக்குக்காரரு எனக்கு முன்னால நிக்கறாரு, என்னையப் பாத்ததும் மூக்கைப் பொத்திக்கிட்டாரு. வரிசையில நின்னு நின்னு போனேன். அத்தப்பன் தலை நிமுரலை.

"பேரு?"ங்கறான்.

"நாச்சிமுத்து."

"அப்பா பேரு?"

"உங்கொப்பன் பேருதான்டா!"

வரிசையே சிரிச்சுப் போச்சு. அவன் சிரிக்கலை. "தண்ணி போடற பழக்கம் உண்டுங்களா?"ன்னான், ஆருக்கோ கேக்கற மாதிரி. இல்லைன்னேன். "ஆஸ்பத்திரி வைத்தியம் ஏதாவது நடக்குதுங்களா?" நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள தெய்வானை முந்திக்கிட்டு அந்தக் காயிதத்தை அவன் கையில கொடுத்துட்டா. படிச்சான். படிச்சுட்டே இருந்தான். மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி ஆயிருச்சு. அப்பத்தான் என்னைய நேராப் பாத்தான், எத்தனையோ வருசத்துக்கப்புறம். "எப்ப இருந்துண்ணா?"ன்னான். ஆடியில இருந்துன்னேன். "ஒரு வார்த்தை சொல்லலையே"ன்னான். நீ என்ன பேசிட்டா இருந்தேன்னு கேட்டேன்.

தெய்வானை தண்ணி குடிச்சுட்டு வர்றேன்னு உள்ள போனா. அத்தப்பன் மருந்து எடுத்துட்டு வர்றேன்னு அவ பின்னாலயே போனான். ஒரு செம்புத் தண்ணி குடிக்க அத்தனை நேரமாங்க? எனக்குக் கால் கடுத்துப் போச்சு. உள்ள தம்பி பொண்டாட்டி ருக்குமணி குரலு கேக்குது, குசுகுசுன்னு. அப்புறம் மிக்ஸி ஓடற சத்தம். இங்க மனுசன் சாகக் கெடக்கறேன், இவளுக்கு இட்டிலிக்குச் சட்னி கேக்குதான்னு எனக்கு ஆத்திரமா வந்துது.

வெளிய வந்தான். வாழையிலைத் துண்டுல பச்சையா ஒரு உருண்டை. மொதல்ல என்னைய மேக்கே பாத்து நிக்க வெச்சுட்டானுங்க. பழக்கம் போதாதுன்னு நெனச்சுக்கிட்டேன். அப்புறம் கெழக்கே திருப்பினான், எங்கய்யன் சொல்ற மந்திரத்தை ஒரு எழுத்து உடாமச் சொன்னான், வாயில போட்டான். நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, எருமை எந்தப் பக்கம் கட்டியிருக்குதுன்னு கையால தடவிப் பாத்துட்டு நிக்கறேன்.

கசக்கவே இல்லீங்க! நான் என்னமோ ஏதோன்னு நெனச்சுட்டு இருந்தேன், தேவாமிர்தம்! புளிப்பு, ஒறைப்பு, லேசா உப்பு. புதினா மாதிரி ஒரு வாசம். புதினா இல்லீங்க அது, அந்த மூலிகைக்கே அப்படி ஒரு வாசம். பல்லுல படக்கூடாதுன்னு இருக்குது, ஆனா நான் மென்னுட்டேன். மென்னு முழுங்கிட்டு, "இன்னொண்ணு கெடைக்குமாடா?"ன்னு கேட்டேன். ஒண்ணுதான்னுட்டான். இலையில ஒட்டி இருந்ததை வழிச்சு நக்கினேன். தெய்வானை முந்தானையை வாயில அமுக்கிட்டுப் ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிப் பக்கம் போயிட்டா. பாவம், என் நெலைமையைப் பாத்து அவளுக்கு அழுகை.

அப்புறம் எங்கய்யன் படத்துக்கு முன்னால நிக்க வெச்சுப் பத்தியம் சொன்னான். அது ஒரு தினுசான பத்தியமுங்க. வழக்கமா உப்பில்லாம, எண்ணெயில்லாமத்தான் சொல்லுவோம். இவன் என்ன சொல்றான்? "டாக்டரம்மா சொல்றதுதான் பத்தியம். மாத்திரையை எப்ப நிறுத்தச் சொல்றாங்களோ அப்ப நிறுத்தோணும். எப்ப ஆரம்பிக்கச் சொல்றாங்களோ அன்னைக்கே ஆரம்பிக்கோணும். ஒரு நாள் தவறினாலும் என் மருந்து முறிஞ்சு போயிரும். உன் பச்சிலையை நீ நாக்குல வெச்சாலும் முறிஞ்சு போயிரும். நம்மய்யன் மேல சத்தியம் பண்ணு." பண்ணினேன். வேற வழி? அதோட உட்டானா? "ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிடறவங்க ஆரு வந்தாலும் நீ மருந்து கொடுக்காத. எங்கிட்ட அனுப்பு. அதுக்கும் சத்தியம் பண்ணு"ங்கறான். பாருங்க அவன் சாமர்த்தியத்தை! அண்ணன் சாகக் கெடக்கறப்பவும் என் கூட்டத்தை இழுக்கப் பாக்கறான். இருந்தாலும் வாயில அந்த ருசி இருந்துது. பண்ணிட்டேன்.

அதுல இருந்து புதன்கிழமை ஆனா அவனே வாய்க்காலைத் தாண்டி வந்து கொடுப்பான். வாரத்துக்கு ஒரு ருசிங்க. ஒரு வாரம் தேங்காய் வாசம். ஒரு வாரம் வறுத்த நெலக்கடலை மாதிரி இருந்துச்சு. மூலிகை பருவத்துக்குத் தகுந்த மாதிரி மாறுமில்லீங்க. ஒரு தடவை நான் இட்டிலி தின்னுட்டு இருக்கறப்ப வந்தான். "அதோடயே தொட்டுக்கண்ணா, தப்பில்லை"ன்னுட்டான்! இதைக் கேட்டிருந்தா எங்கய்யன் எழுந்து வந்திருப்பாரு.

இப்ப என் வயித்தெரிச்சல் என்னன்னு உங்களுக்குப் புரியுதுங்களா? எங்கய்யன் எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மருந்தைத்தான் சொல்லிக் கொடுத்தாருன்னு இத்தனை வருசமா நம்பிட்டு இருந்தனே! எனக்குக் கசப்பை மட்டும் சொல்லிக் கொடுத்துட்டு, ருசியானதைச் சின்னவனுக்கு ரகசியமாச் சொல்லிட்டுப் போயிருக்காரு. அவனைக் கேட்டேன், என்ன பச்சிலைடா அதுன்னு. "எனக்கு மட்டும் சொன்னதுண்ணா"ன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டான். என் கொடுப்பினை பாருங்க, நான் கொடுத்தா ஆளுக எருமையைக் கட்டிப் புடிக்கறாங்க, அவன் கொடுத்தா இலையை நக்கறாங்க.

சரி, மருந்து கேட்டுச்சான்னு கேளுங்க. கேக்காமலா? பத்தியத்துல ஒரு நாள் நான் தவறலை. ரெண்டு மூணு வாரத்துல கண்ணு தெளிஞ்சுது. ஈரல் தேறிருச்சுன்னு டாக்டரம்மா அளவைக் குறைச்சு மாத்திரையை மறுபடியும் ஆரம்பிச்சாங்க. மாத்திரையை நிறுத்தினதுதான் வேலை செஞ்சுதுன்னு அவங்க சொல்றாங்க. சொல்லிட்டுப் போகட்டும். "நாட்டு மருந்து ஒண்ணும் சாப்பிடலையே?"ன்னு ஒவ்வொரு தடவையும் கேப்பாங்க. நான் பேசாம இருந்துக்குவேன், தெய்வானை எனக்கு முந்தி "இல்லவே இல்லீங்க டாக்டர்"னு அடிச்சுச் சொல்லுவா. பொய் சொல்றப்ப அந்த மூஞ்சியில ஒரு தெளிவு பாருங்க! எனக்கே ஆச்சரியமா இருக்கும்.

அதனால உங்களுக்குச் சொல்றேன், கேட்டுக்கங்க. எங்கிட்ட வராதீங்க, நான் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவன். புதன்கிழமை நேரா அத்தப்பன்கிட்டப் போங்க. இதே ஆஸ்பத்திரியில இருந்து ஏற்கெனவே ரெண்டு பேரை அனுப்பியிருக்கேன். எல்லாத்துக்கும் அதே உருண்டை, அதே பத்தியம். டாக்டர் பேச்சைத் தட்டினா மருந்து முறிஞ்சுரும்னு காளியாத்தா கோயில் பூசாரி மாதிரி மெரட்டித்தான் அனுப்புவான். அதுக்கெல்லாம் பயப்படாதீங்க.

இன்னைக்குத்தான் பெரிய டெஸ்டு முடிவு வந்துது. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி டாக்டரம்மா கூப்புட்டுச் சொன்னாங்க. குறைச்ச மாத்திரையிலயே ஈரல் சுத்தமா இருக்குதாம், ரத்தத்துலயும் சீக்கு நல்லா அடங்கிருச்சாம். இப்படியே விடாமப் போனாப் போதும்னாங்க. தெய்வானை கையெடுத்துக் கும்புட்டுட்டு மாத்திரை வாங்க ஓடியிருக்கா. நான் வெளிய வந்ததும் அத்தப்பனுக்குப் போன் போட்டேன். ஈரல் சுத்தம்டா, ரத்தமும் அடங்கிருச்சுடான்னேன்.

"நெசமாவாண்ணா?"ங்கறான்.

நெசம்டான்னேன். "டாக்டரம்மா வாயாலயே சொன்னாங்களா?" அட, சொன்னாங்கடா. "நெசமாவாண்ணா?" மறுபடியும் அதே. அப்புறம் ருக்குமணி போனை வாங்கினா. "மாமா, இவரு வாசப்படியில உக்காந்து சின்னப் பையனாட்டத் தேம்பித் தேம்பி அழுகறாருங்க மாமா. நேத்து ராத்திரி பூராத் தூங்கலை. நீங்க பஸ் ஏறினதுல இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை"ங்கறா.

எனக்கு ஒரு மாதிரி ஆயிப் போச்சுங்க. பாசமெல்லாம் இருக்கட்டும், நான் இல்லைன்னு சொல்லலை. எனக்கும் கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஆனா நீங்களே சொல்லுங்க. சாப்பிட்ட நான் ஒரு துளி சந்தேகம் இல்லாம நேத்து ராத்திரி கொறட்டை உட்டுத் தூங்கினேன். கொடுத்தவன் தூங்கலையாம்! ஊருக்கெல்லாம் உருட்டி உருட்டிக் கொடுக்கறானே, தன் மருந்து மேல அவனுக்கே நம்பிக்கை இல்லீங்க!